மகளுக்கு ஃபார்ம்.டி இடம் கிடைத்துவிட்டது. கோடை முழுக்க வேலை பார்க்க வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். பயாலஜி பட்டம் முடித்த எங்கள் மகளுக்கு வயது 22. வேறு நகரத்தில் ஃபார்ம்.டி (பார்மசிஸ்ட் ஆவதற்கான நான்காண்டுத் தொழிற்படிப்பு) படிக்க இடம் கிடைத்திருக்கிறது; 2026 ஆகஸ்ட் 17 அன்று வகுப்பு தொடங்குகிறது. ஒரு மருந்துக்கடையில் பகுதிநேர பார்மசி டெக்னீஷியனாக இருக்கிறாள், மணிக்கு 20 டாலர். இந்த ஆண்டு இதுவரை 5,000 டாலர் சம்பாதித்திருக்கிறாள். மே 18 முதல் முழுநேர வேலை தருகிறார்கள். பதின்மூன்று வாரமும் பார்த்து, சனிக்கிழமை ஓவர்டைமும் எடுத்தால் கடன் குறையும் என்பது என் கணக்கு. அவளோ ஜூன் கடைசியோடு நின்றுவிட்டு ஏழு வாரம் ஓய்வெடுக்கப் போகிறேன் என்கிறாள். என் மனைவி அவள் பக்கம். அறைத்தோழியோடு தங்கப்போகும் வீட்டில் மகளின் பங்கு மாதம் 850 டாலர். மற்றதெல்லாம் கல்விக்கடன்தான். அவள் அதிகம் சம்பாதித்தால் கல்வி உதவி குறைந்துவிடுமா என்ற பயமும் இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அரசின் கல்வி உதவிக்கும் கடனுக்கும் போடும் ஃபாஃப்சா விண்ணப்பம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைத்தான் பார்க்கும். இந்தக் கோடையில் வரும் சம்பளம் 2028–29 விண்ணப்பத்தில், அதாவது அவளது மூன்றாம் ஆண்டில்தான் தலைகாட்டும். அப்போதும் அவள் பெரும்பாலும் வாங்கப்போவது வருமானத்தைப் பார்க்காத அன்சப்சிடைஸ்டு கடன். எனவே சம்பாதிக்கப் பயப்பட வேண்டாம்.

இனி உங்கள் வீட்டு வழக்கு. வாரம் 40 மணி நேரம் என்றால் 800 டாலர். சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேரும் சேர்த்து 7.65 சதவீதம் பிடித்ததுபோக மிஞ்சுவது 739. வருமான வரி என்று சம்பளத்தில் பிடிப்பது பிறகு திரும்பிவரும் என்பதால் அதை இங்கே கழிக்கவில்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. மகள் சொல்லும் ஏழு வார ஓய்வுக்கு இன்றைய விலை 5,170 டாலர். அந்தத் தொகைக்குக் கடன் வாங்கினால், படிக்கும் நான்கு ஆண்டும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். 2025–26 கல்வியாண்டில் மேற்படிப்புக்கான அரசுக் கடன் வட்டி 7.94 சதவீதம். ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் புது விகிதம் வரும் என்றாலும், நம் கணக்குக்கு இது போதும். பட்டம் வாங்கும்போது அந்த 5,170 ஏறத்தாழ 6,800 ஆகியிருக்கும். இது கொஞ்சம் அதிக விலைதான். அதோடு, எந்த வேலையும் இல்லாத ஏழு வாரத்தில் பாதி, படுத்தபடியே போனைத் தடவுவதில் கழிந்துவிடுகிறது. அதை ஓய்வுக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆகஸ்ட் 14 மாலை கடையிலிருந்து வந்து 15-ல் வீடு மாறி 17-ல் வகுப்பில் உட்காரும் பிள்ளை எப்படி உட்காருவாள் என்று யோசியுங்கள். டெக்னீஷியன் வேலை எட்டு மணி நேரமும் நின்றபடி செய்வது. தட்டில் மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒருபக்கம் போன் அடிக்கும், மறுபக்கம் டிரைவ்-த்ரூ மணி அடிக்கும், கணினித் திரையில் காப்பீட்டு நிறுவனம் நிராகரித்த மருந்துச்சீட்டு காத்திருக்கும். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். இதை வாரத்துக்கு ஆறு நாள் என்று பதின்மூன்று வாரம் செய்தால், முதல் பருவத் தேர்வுகளுக்கு முன்பே ஆள் களைத்துப்போவாள். ஃபார்ம்.டி-யில் பல பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். முந்தையதில் தேறாமல் அடுத்ததற்குப் போக முடியாது. ஒரு பாடம் தவறினால் பட்டமே ஓராண்டு தள்ளிப்போகக்கூடும். பார்மசிஸ்ட்களின் இடைநிலை ஆண்டு ஊதியம், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் 2024 மே நிலவரப்படி, 1,37,480 டாலர். சில வாரம் தூங்கினால் தேர்ச்சி உறுதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் இவ்வளவு பெரிய தொகை இருக்கும்போது, இன்னும் கொஞ்சம் டாலருக்காகச் சனிக்கிழமைகளையும் பறிப்பது நல்ல வியாபாரம் அல்ல.

நான் கேட்பது வேறு கேள்வி. வேலையை எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதைவிட, எந்தத் தொகை வந்ததும் நிறுத்துவது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம்மவர்கள். உழைப்புக்கும் அது பொருந்தும்.

அந்தத் தொகையைக் கண்டுபிடிக்க ஒரு விஷயம் தெரிய வேண்டும். கடன் பணம் நினைத்த நேரத்தில் கைக்கு வராது. வகுப்பு தொடங்குவதற்கு 10 நாளுக்கு முன்பாக அதை வழங்கக் கூடாது என்பது விதி. வந்ததும் கல்லூரி தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். மீதியை மாணவிக்குத் திருப்பித் தர அதன்பிறகு 14 நாள் வரை அவகாசம் உண்டு. ஆக, வீட்டு டெபாசிட் 850, ஆகஸ்ட் வாடகை 850, செப்டம்பர் வாடகை 850 எல்லாம் அவள் கையிலிருந்துதான் போக வேண்டும். புத்தகம், தடுப்பூசி, பின்னணிச் சரிபார்ப்பு, வீடு மாற்றும் செலவு என்று 1,200 வையுங்கள். முதல் ஐந்து வாரச் சாப்பாடு, பெட்ரோலுக்கு 900. மொத்தம் 4,650 டாலர். இது இல்லாமல் போகிறவர்கள்தான் முதல் மாதமே கிரெடிட் கார்டில் வாடகை கட்டி, 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கிறார்கள்.

மகள் சொல்லும் ஆறு வாரத்தில் 4,430 வரும், மயிரிழையில் பற்றாது. பத்து வாரம், அதாவது ஜூலை 26 வரை பார்த்தால் 7,390. என் தீர்ப்பு பத்து வாரம். கடைசி மூன்று வாரம் ஓய்வு. அதன் விலை இன்று 2,216, நான்காண்டு வட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 2,900. இதைக் கொடுக்கலாம். சனிக்கிழமை ஓவர்டைம் அவளே விரும்பினால் ஜூனில் எடுக்கட்டும், ஜூலையில் வேண்டாம்.

தேவை போக மிச்சமாகும் 2,740-ஐ என்ன செய்வது? உடனே கடனைக் குறைக்க வேண்டாம். சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு முதல் பருவத்தை ஓட்டட்டும்; கார் பழுது, பல் வலி என்று எதுவும் வரலாம். அரசுக் கடனை வழங்கிய 120 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால், திருப்பிய பகுதிக்கு வட்டியும் கிடையாது, கடன் தரும்போது பிடிக்கும் தொடக்கக் கட்டணமும் கிடையாது. டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பணம் தொடப்படாமல் இருந்தால் கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் வழியாகத் திருப்பிவிடலாம். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது.

கட்டணக் கடிதத்தை எடுத்து இன்னொன்றும் பாருங்கள். 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு, மேற்படிப்பில் மீதிச் செலவுக்கெல்லாம் அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் இல்லை. ஃபார்ம்.டி போன்ற தொழிற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலரோடு நின்றுவிடும். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து அதைத் தாண்டினால் மீதிக்குத் தனியார் கடன்தான். அதில் உங்கள் கையெழுத்தையும் கேட்பார்கள். அப்படியானால் ஜூன் சனிக்கிழமைகளுக்கு மதிப்பு கூடுகிறது. அதற்கு முன் ஹெல்த் புரொஃபஷன்ஸ் ஸ்டூடன்ட் லோன் கல்லூரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். 5 சதவீத நிலையான வட்டி, படிக்கும்வரை வட்டி ஏறாது. தேவையைப் பார்த்துத் தருவது என்பதால் உங்கள் வருமான விவரமும் கேட்கக்கூடும், கூச்சப்படாமல் கொடுங்கள்.

இப்போது அந்த மூன்று வாரத்துக்கும் அதற்கு முந்தைய நாட்களுக்கும் வருகிறேன். கோடையிலேயே அதிகக் கூலி தரும் வேலை கடையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பல கல்லூரிகள் மாணவர் மருத்துவக் காப்பீட்டைத் தாமாகவே கட்டணத்தில் சேர்த்துவிடும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர். 26 வயது வரை அவள் உங்கள் காப்பீட்டில் இருக்க முடியும் என்பதால், விலக்குப் படிவம் நிரப்பினால் அது நீங்கிவிடும். கெடு தேதி தவறினால் நீங்காது. புது நகரத்தில் உங்கள் காப்பீட்டை ஏற்கும் மருத்துவர்கள் இருக்கிறார்களா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரப் படிவ வேலை, ஒரு மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்தக்கூடும்.

தடுப்பூசி ஆவணங்கள் இன்னும் படுத்தும். காசநோய்த் தோல் பரிசோதனையை இரண்டு கட்டமாகக் கேட்டால், ஊசி போட ஒருநாள், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்ட ஒருநாள், ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இதே கதை மறுபடியும் என்று நான்கு முறை போக வேண்டும். வியாழக்கிழமை போட்டுக்கொண்டு ஞாயிறன்று மூடிய கதவைப் பார்ப்பவர்கள் உண்டு. ஹெபடைட்டிஸ் பி ஊசி விட்டுப்போயிருந்தால் வழக்கமான மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகும். இந்த வாரமே பார்த்தாக வேண்டும். இதையெல்லாம் வேலை நடக்கும் ஜூன், ஜூலையிலேயே, வாரத்தில் ஒரு பகல் விடுப்பு கேட்டு முடித்துவிட்டால்தான் ஆகஸ்ட் ஓய்வு ஓய்வாக இருக்கும்.

வரி பற்றி இரண்டே வரி. 2026-ல் தனிநபருக்கான நிலைக்கழிவு, அதாவது வருமான வரி போடாமல் கழித்துவிடும் தொகை, 16,100 டாலர். இதுவரை வந்த 5,000, கோடையின் 8,000, இலையுதிர் பருவத்தில் எப்போதாவது பார்க்கும் ஷிப்ட் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பிடித்த வருமான வரி, கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பிவரும்.

கடைசியாக, அவள் ராஜினாமா செய்ய வேண்டாம். தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படும் ஊழியராக மாற்றிக்கொள்ள முடியுமா என்று மேலாளரிடம் கேட்கட்டும். கடைக்குப் பல கிளைகள் இருந்தால் கல்லூரி நகரத்துக்கு மாற்றல் கேட்கலாம். பார்மசி மாணவராகக் கடையில் பயிற்சி பெறுவதற்கான இன்டர்ன் பதிவு எந்த ஆண்டில் கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அது வரும்போது ஏற்கெனவே பட்டியலில் இருப்பவருக்கு வழி சுலபம். படிப்பிலேயே குறைந்தது 300 மணி நேர ஆரம்பநிலைப் பயிற்சியும், பிறகு 1,440 மணி நேர உயர்நிலைப் பயிற்சியும் கட்டாயம் என்பதால், கடை அனுபவம் கிடைக்காமல் போய்விடுமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஜூலை 26 என்ற தேதியை மேலாளரிடம் இப்போதே எழுத்தில் கொடுக்கட்டும். ஜூலை ஷிப்ட் அட்டவணை போட்டபிறகு சொன்னால் சங்கடம் அவளுக்குத்தான்.