வீல் ஹப்பில் சரியாக உட்காரவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புது அலாய் வீலின் நடு ஓட்டை 73.1 மி.மீ. என் காரின் ஹப் (வீலின் நடு ஓட்டை வந்து உட்காரும் வட்ட மேடு) 60.1. 'நட்டை முறுக்கினால் தானாக நடுவுக்கு வந்துவிடும்' என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பாதி நம்பலாம். கூம்பு நட்டுகள் வீலை நடுவுக்கு இழுப்பது உண்மைதான். ஆனால் காரைத் தரையில் இறக்கிவிட்டு, ஒரே நட்டை முழுக்க முறுக்கி அடுத்ததற்குப் போனால், வீல் ஒரு பக்கம் ஒதுங்கியே இறுகிவிடும். துளி விலகினாலும் வேகம் 80, 90 கிலோமீட்டரைத் தொடும்போது ஸ்டியரிங் உதறும். பேலன்சிங் மெஷினில் குறையே தெரியாது. பழி டயர்மேல் விழும். இடைவெளியை நிரப்ப, வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 60.1 உள்ள ஹப் ரிங் என்ற வளையத்தைப் போடுங்கள். வீல் தூக்கிய நிலையில் எதிரெதிர் நட்டுகளாகச் சிறிது சிறிதாக இறுக்கி, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) முடியுங்கள்.

கேள்வி: ரிங் பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

சுமையைத் தாங்குவது ரிங் அல்ல. நட்டுகள் வீலை ஹப் முகத்தோடு (வீலின் பின்புறம் வந்து ஒட்டும் தட்டைப் பரப்பு) அழுத்திப் பிடிக்கும் பிடிதான் தாங்குகிறது. ரிங்கின் வேலை மாட்டும்போது நடுவில் நிறுத்துவது மட்டுமே. ஆகவே பெரும்பாலோருக்கு பிளாஸ்டிக் போதும். மலைப்பாதையில் அடிக்கடி பிரேக் பிடித்து ஹப்பைச் சூடேற்றுபவர்கள் அலுமினியம் வாங்கலாம். அதில் ஒரு தொல்லை உண்டு: ஹப்போடு அரித்து ஒட்டிக்கொள்ளும். நடுராத்திரியில் பஞ்சராகி அலாயைக் கழற்றினால் ரிங் ஹப்பிலேயே நிற்கும்; 60.1 ஓட்டை கொண்ட ஸ்டெப்னி உள்ளே போகாது. மாட்டும்போதே ரிங்கின் உட்புறம் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். மரையிலும் ஹப் முகத்திலும் படக்கூடாது.

கேள்வி: ஓட்டை 57.1, ஹப் 60.1. தட்டி ஏற்றலாமா?

வேண்டாம். வீல் ஹப் முகத்தைத் தொடாமல் விளிம்பில் சிக்கி நிற்கும். நட்டு இறுகியது போலத் தோன்றும், ஓட ஓடத் தளரும். நல்ல லேத்தில் பக்கத்துக்கு 1.5 மி.மீ. கடைந்து எடுக்கலாம், ஓட்டைக்கும் நட்டுத் துளைகளுக்கும் நடுவே போதிய உலோகம் இருக்க வேண்டும். அரம் வைத்து ராவுவது கூடாது, வட்டம் கெட்டுவிடும்.

கேள்வி: 5×112 வீல் (112 மி.மீ. விட்ட வட்டத்தில் 5 நட்டுத் துளைகள்), 5×114.3 ஹப். வித்தியாசம் சொற்பம்தானே?

ஒவ்வொரு ஸ்டட்டும் (நட்டு ஏறும் போல்ட்) 1.15 மி.மீ. தள்ளி நிற்கும். நட்டு சாய்ந்து உட்காரும், ஸ்டட் வளையும், ஒரு நாள் முறியும். ரிங் இதைச் சரிசெய்யாது. வீலைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய நட்டுகளையே போடலாமா?

நட்டின் அமர்வும் (துளையில் பதியும் பரப்பு) வீல் துளையின் அமர்வும் ஒரே வடிவமாக இருந்தால் மட்டும். கூம்புத் துளையில் உருண்டை நட்டைப் போட்டால் மெல்லிய கோடாகத்தான் தொடும். எந்த நட்டானாலும் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி டார்க் பாருங்கள்.