லண்டனிலிருந்து ஸ்கை தீவு வரை: ரயிலா, காரா, விமானமா?

கேள்வி: மே மாதம் பன்னிரண்டு நாள் பயணமாக பிரிட்டன் செல்கிறோம். நானும் கணவரும், 14, 9 வயதுள்ள பிள்ளைகள் இருவரும், 68 வயதான மாமியாருமாக ஐந்து பேர். லண்டன், ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ, ஸ்கை தீவு மூன்றையும் பார்க்க விரும்புகிறோம். ஹீத்ரூவில் இறங்கியதுமே வாடகைக் கார் எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். விமானம்தான் விரைவு என்கிறாள் மகள். எது நல்லது?
– கோவை வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். சுற்றுலாப் பயணியாகச் செல்பவர் செல்லத்தக்க இந்திய உரிமத்துடன் 12 மாதங்கள் வரை அங்கே கார் ஓட்டலாம். ஆனால் லண்டனுக்குள் கார் ஒரு சுமை. நகர மையத்தில் நெரிசல் கட்டணம் உண்டு, நிறுத்தக் கட்டணமும் அதிகம். மேலும், எடின்பரோ ஏறத்தாழ 400 மைல் தொலைவில், எங்கும் நிற்காமல் ஓட்டினாலே எட்டு மணி நேரம் ஆகக்கூடிய இடத்தில் இருக்கிறது. இரவெல்லாம் விமானத்தில் சரியாகத் தூங்காமல் வந்து இறங்கியவர், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அந்நிய நாட்டு நெடுஞ்சாலையில் உடனே வண்டி எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

விமானம் வானில் இருக்கும் நேரம் சுமார் ஒன்றேகால் மணிதான். ஆனால் விடுதியிலிருந்து விமான நிலையம் செல்வது, சோதனைகளுக்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பது, இறங்கியபின் பெட்டிகளை எடுத்துக்கொண்டு டிராமில் நகருக்குள் வருவது ஆகிய அனைத்தையும் கூட்டினால், ரயிலைவிடப் பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

ஆகவே லண்டன்–எடின்பரோ தொலைவுக்கு ரயிலே சரி. கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் புறப்படும் விரைவு ரயில் ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் எடின்பரோவின் நடுவிலுள்ள வேவர்லி நிலையத்தில் இறக்கிவிடும். வடக்கு நோக்கிப் போகையில் வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். டரம் பேராலயம் அந்தப் பக்கம்தான் தெரியும். நியூகாசிலைத் தாண்டியபின் கடலும் அந்தப் பக்கமே. பெரிக் ஊரருகே ட்வீட் ஆற்றை ரயில் கடப்பது 1850இல் திறக்கப்பட்ட, 28 வளைவுகள் கொண்ட பாலத்தின் மீது. பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைத்தால் அவர்களே எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

பயணத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முன்பு விற்பனைக்கு வரும் 'அட்வான்ஸ்' டிக்கெட் மிகவும் மலிவு. ஆனால் அது குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். அத்துடன் 35 பவுண்டு கொடுத்து 'ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு' ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்: பெரியவர்கள் மூவருக்கும் கட்டணத்தில் மூன்றிலொரு பங்கும், பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். மாமியாருக்கு மூத்தோர் அட்டை தனியாகத் தேவையில்லை. அவருக்கு நடக்கச் சிரமம் என்றால் 'பாசஞ்சர் அசிஸ்ட்' என்ற இலவச உதவியை முன்பதிவு செய்யலாம். சக்கர நாற்காலியுடன் ஊழியர் வந்து ரயிலில் ஏற்றிவிடுவார். கிங்ஸ் கிராஸில் நடைமேடை எண் ரயில் புறப்படச் சற்றுமுன்தான் பலகையில் தெரியும் என்பதால், அண்ணாந்து பார்த்து நிற்கும் கூட்டம் முழுவதும் எண் தெரிந்த மறுகணமே நகரும். முதியவருடன் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம். போர்ட்டர்களும் கிடையாது, உங்களால் தூக்க முடிந்த பெட்டிகளையே கொண்டுசெல்லுங்கள்.

கார் ஓட்டும் கணவரின் விருப்பத்துக்கு உரிய இடம், ஸ்காட்லாந்தின் வடக்கிலுள்ள இன்வர்னஸ் நகரம். எடின்பரோவிலிருந்து, 1890இல் திறக்கப்பட்ட ஃபோர்த் பாலத்தைக் கடந்து, மூன்றரை மணி நேரத்தில் அங்கே ரயிலிலேயே போய்விடலாம். ஸ்கை தீவுக்குள் ரயில் இல்லை. 1995 முதல் சாலைப் பாலம் உண்டு, சுங்கமும் இல்லை. எனவே இன்வர்னஸில் கார் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். ஆட்டோமேடிக் வண்டி வேண்டுமெனில் பதிவின்போதே சொல்ல வேண்டும். 12 வயதுக்குட்பட்ட, 135 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் காரில் பொருத்தும் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால், இளைய பிள்ளையின் உயரத்தை இப்போதே அளந்துவிடுங்கள். தீவில் பல சாலைகள் ஒரே வண்டி போகும் அகலமே கொண்டவை. எதிரே வண்டி தெரிந்தால், சாலையோரம் சற்றே விரிந்திருக்கும் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். கடந்து செல்பவர் கையைச் சற்றே உயர்த்தி நன்றி சொல்வார், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்துக்கு இரவு ரயில் உண்டாமே, நம் ஸ்லீப்பர் போன்றதா?
– திருச்சி வாசகர்

பதில்: உண்டு. 'கலிடோனியன் ஸ்லீப்பர்' லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து இன்வர்னஸ், ஃபோர்ட் வில்லியம் முதலிய ஊர்களுக்குச் செல்கிறது. நம்முடையதைப் போலத் திறந்த பெட்டியில் அடுக்குப் படுக்கைகள் இருக்காது. தனி அறை அல்லது சாய்வு இருக்கைதான். அறைக் கட்டணம் அதிகம். ஒரு இரவு விடுதி வாடகை மிச்சமாவதையும் கணக்கில் சேர்த்து முடிவு செய்யுங்கள். சனி இரவுகளில் ஓடாது.

கேள்வி: மான்செஸ்டரில் படிக்கும் மகனைப் பார்க்க லண்டனிலிருந்து பேருந்தில் போகலாமா?
– நெல்லை வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். யூஸ்டனிலிருந்து ரயில் இரண்டேகால் மணி நேரத்தில் சேரும். விக்டோரியா கோச் நிலையத்தில் புறப்படும் பேருந்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். கடைசி நேரத்தில் டிக்கெட் எடுப்பவருக்குப் பேருந்தே பெரும்பாலும் மலிவு. ரயில் என்று முடிவு செய்தால், ஞாயிறன்று தண்டவாளப் பராமரிப்பு உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அத்தகைய நாளில் வழியில் இறக்கி மாற்றுப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள்.