காலி இருக்கைகளின் முன் ஒரு பாடகர் குழு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மகளைப் பார்க்க இங்கிலாந்து சென்றிருந்தபோது சால்ஸ்பரி பேராலயத்தில் ஒரு மாலை ஆராதனையில் கலந்துகொண்டேன். எங்கள் ஊர் ஆலயத்தின் பாடகர் குழுவில் நாற்பது ஆண்டுகள் பாடியவன் நான். அங்கே இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அத்தனை நுட்பமாகப் பாடினார்கள். கேட்க வந்தவர்கள் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. முடிந்ததும் நடத்துநர் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கும் இப்படித்தான் நடக்கும் என்றாள் மகள். யாருக்காக இந்த உழைப்பு? மேலும், அன்று பாடியவர்கள் சிறுமிகள். 900 ஆண்டுகளாகச் சிறுவர்கள் பாடிவந்த வழக்கத்தை மாற்றிவிட்டு, அதையும் மரபு என்றே சொல்கிறார்களே, எப்படி?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

நாற்பது ஆண்டுகள் பாடியவர் கேட்கிற கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் குழுவில் மேல்குரல் பாடுகிற பிள்ளைகள் எட்டு வயதையொட்டி வந்து பதின்மூன்று வயதில் போய்விடுகிறார்கள். ஆண்டுதோறும் நன்றாகத் தேறிய சிலரை அனுப்பிவிட்டு, ஒன்றும் அறியாத சிலரைப் பெற்றுக்கொள்வதுதான் நடத்துநருடைய வாழ்க்கை. ஐந்தாண்டுகளில் மேல்குரல் முழுவதும் புதியவர்களுடையதாகிவிடும். ஆனாலும் குழுவின் ஒலி அதே ஒலியாக இருக்க வேண்டும். இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்து மட்டும் சாதிக்க முடியாது. புதிதாக வந்த பிள்ளையை மூத்த பிள்ளைகளுக்கு இடையே நிறுத்துகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் தானும் எடுத்து, அவர் வாய் திறக்கும் அளவுக்குத் தானும் திறந்து, பல மாதங்களில் அது கற்றுக்கொள்கிறது. காலையில் பள்ளி தொடங்குமுன் பயிற்சி, மாலையில் ஆராதனைக்கு முன் மறுபடியும் பயிற்சி, பிறகு ஆராதனை என்று நாள்தோறும் நடந்தால்தான் இந்தக் கற்றல் நடக்கும். ஞாயிறு மட்டும் பாடினால் போதும் என்று வைத்துக்கொண்டால், பிள்ளை தேறுவதற்குள் அதன் காலம் முடிந்துவிடும்.

வேதாகமத்தின் துதிப்பாடல்களான சங்கீதங்களை அவர்கள் பாடிய விதத்தைக் கவனித்திருப்பீர்கள். 150 சங்கீதங்களையும் காலை, மாலை எனப் பகுத்து முப்பது நாளில் பாடி முடிப்பது அவர்களுடைய பொது ஜெபப் புத்தகத்தின் பழைய ஒழுங்கு. 15ஆம் நாள் மாலைக்கு 78ஆம் சங்கீதம் ஒன்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்கள். அதற்குத் தாளம் கிடையாது. நம் விருத்தம் போலச் சொல்லின் ஓட்டமே நடையாக அமைகிறது. விருத்தத்தை ஒருவர் பாடுவார். இங்கே இருபது பேர் ஒரே சொல்லை ஒரே கணத்தில் முடிக்க வேண்டும். ஒரு நடத்துநரின் தரத்தை அறிய எனக்குப் பெரிய படைப்புகள் தேவையில்லை, ஒரு சங்கீதம் போதும்.

மூத்தவரிடமிருந்து இளையவருக்குப் போகும் இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து ஒருமுறை பார்த்தது. 1640களின் உள்நாட்டுப் போரில் பேராலயங்களின் பாடகர் குழுக்கள் கலைக்கப்பட்டன; பல ஆர்கன்கள் உடைக்கப்பட்டன. 1660இல் மன்னராட்சி திரும்பி, அரச ஆலயத்தில் மீண்டும் பாட்டு தொடங்கியபோது, தன் பகுதியைத் தடையின்றிப் பாடக்கூடிய ஒரு சிறுவன்கூட ஓராண்டுக்கு மேலாகக் கிடைக்கவில்லை என்றும், மேல்குரலைக் கார்னெட் என்னும் ஊதுகருவியாலும் ஆண்களின் பொய்க்குரலாலும் (இயல்பான குரலுக்கு மேலே உயர்த்திப் பாடும் குரல்) நிரப்பினார்கள் என்றும் அக்கால இசையமைப்பாளர் மாத்யூ லாக் எழுதியிருக்கிறார். பாட்டுத் தாள்கள் எல்லாம் அழிந்துவிடவில்லை. பாடத் தெரிந்த மூத்த பிள்ளைகள்தான் இல்லை. போருக்கு முன் அதே ஆலயத்தில் சிறுவனாகப் பாடி, போரில் மன்னரின் படையில் கேப்டனாக இருந்த ஹென்றி குக் பொறுப்பேற்று, பேராலய நகரங்களுக்குச் சென்று நல்ல குரல்களைத் தேடிக் கொண்டுவந்தார். அவர் பழக்கிய சிறுவர்களில், பின்னாளில் இசையமைப்பாளர்களான ஜான் புளோவும் பெல்ஹாம் ஹம்ஃப்ரியும் உண்டு. பிறகு, பெரும் இசையமைப்பாளராகப் போகிற ஹென்றி பர்செலும் அந்தக் குழுவுக்கு வந்தார். அறுந்ததை முடிச்சிட அறுபடுவதற்கு முன் பாடிய ஒருவர் தேவைப்பட்டார்.

போரில்லாத காலத்திலும் அசட்டையால் இது நலிந்திருக்கிறது. 1830களில் ஹெரிஃபோர்ட் பேராலயத்தில் ஓர் ஈஸ்டர் நாளன்று ஆர்கன் இசைஞர் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லிக்குச் சிறுவர்களோடு பாடக் கிடைத்த ஆண்குரல் ஒன்றே ஒன்று, அதுவும் பேராலயத்தின் தலைமைக் குருவான டீனுடைய வீட்டுப் பணியாளர். வெஸ்லி 1849இல் சிறு நூல் எழுதி, ஒரு பேராலயத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு ஆண்பாடகர்களாவது வேண்டும் என்று வாதாடினார். இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் கவனிப்பாரின்றி விடப்பட்டிருந்த சிறுவர்களுக்காக, எந்தப் பதவியும் இல்லாத மரியா ஹாக்கெட் என்ற பெண்மணி, 1810களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கடிதம் எழுதி, பேராலயம் பேராலயமாகச் சென்று போராடினார். நடத்துநர்களின் பெயர்களோடு அவருடைய பெயரையும் நான் சேர்த்தே வைக்கிறேன்.

யாருக்காக என்று கேட்டீர்கள். கடவுளுக்காக என்பதுதான் அவர்கள் சொல்லும் பதில்; நீங்கள் அதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். நான் வேறொன்றையும் சேர்ப்பேன். பொய்க்குரலில் பாடும் ஆண் ஆல்ட்டோ, அதாவது மேல்குரலுக்கு அடுத்த குரல், மேடைகளில் தனிக்குரலாக அநேகமாக மறைந்துபோன பிறகும் பேராலய வரிசைகளில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தது. 1940களில் கேன்டர்பரி பேராலயத்தில் ஆல்ஃபிரட் டெல்லரின் குரலைக் கேட்ட இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் அவரை இலண்டன் மேடைக்குக் கொண்டுவந்தார். பர்செலின் பாடல்களை மீண்டும் அக்குரலில் உலகம் கேட்டது டெல்லரால்தான். அதுவரை அந்த வகைக் குரலைக் காத்துவைத்தவர்கள், நீங்கள் கண்டது போன்ற காலி இருக்கைகளின் முன் பாடியவர்கள்.

சிறுமியரைப் பற்றி. சால்ஸ்பரியின் பாடகர் பள்ளி 1091இல் பிஷப் ஆஸ்மண்ட் ஏற்படுத்தியதாகக் கொள்ளப்படுகிறது. அப்போது பேராலயம் ‘ஓல்ட் சாரம்’ என்ற குன்றின்மேல் இருந்தது. 1220இல் குன்றை விட்டு இறங்கிச் சமவெளியில் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். கட்டடம் மாறியது; பிறகு இலத்தீன் போய் ஆங்கிலம் வந்தது; பாட்டு தொடர்ந்தது. 1991இல் பேராலயத்தின் ஆர்கன் இசைஞரும் நடத்துநருமான ரிச்சர்ட் சீல் சிறுமியருக்கெனத் தனிக் குழுவை அங்கே தொடங்கினார். இங்கிலாந்தின் பேராலயங்களில் அப்படியொரு தனிக் குழு அதுவே முதல் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறுவர் குழுவை அவர் கலைக்கவில்லை, இரண்டையும் கலக்கவுமில்லை, ஆராதனைகளைப் பகிர்ந்துகொடுத்தார். 1968 முதல் அங்கே பணியாற்றி, சிறுவர்களைப் பழக்கத் தெரிந்த ஒருவர் அதே பயிற்சியை, அதே வரிசையில், அதே சங்கீதங்களோடு சிறுமியருக்கும் கொடுத்தார். எதிர்ப்பு வந்தது, சிறுவர்கள் ஆர்வம் இழந்து விலகிவிடுவார்களோ என்ற அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் தேவையான குரலும் ஆர்வமும் உள்ள பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமில்லை என்று சொல்வதற்கு இசையில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. 2024இல் புனித பவுல் பேராலயமும் சிறுமியரைச் சேர்த்துக்கொண்டது.

மறுமுறை மகளிடம் செல்லும்போது, இயன்றால் ஒரு 15ஆம் தேதி மாலையில், பழைய ஒழுங்கை விடாத ஒரு பேராலயத்துக்குச் செல்லுங்கள். பின்னால் அமராமல் பாடகர் வரிசைகளுக்கு அருகிலேயே இடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். நடத்துநரைப் பார்க்க வேண்டாம். வரிசையில் இருப்பதிலேயே சிறிய பிள்ளையைப் பாருங்கள். தாளில் இடம் தவறியதும் அது பக்கத்திலிருப்பவர் பக்கம் கண்ணைத் திருப்பும், அவரும் பாட்டை நிறுத்தாமல் விரலால் வரியைத் தொட்டுக் காட்டுவார்.

அன்புடன்.