அண்ணன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ்

கேள்வி: 2022 மார்ச்சில் வேலைக்குப் போன என் அண்ணன் வீடு திரும்பவில்லை. மறுநாளே புகார் கொடுத்தோம். 'மேன் மிஸ்ஸிங்' என்று எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று இன்ஸ்பெக்டர்கள் மாறிவிட்டார்கள். கடைசியாகப் போனபோது, "ஃபைல் க்ளோஸ் ஆகிடுச்சும்மா, ஏதாவது தெரிஞ்சா நாங்களே சொல்றோம்" என்றார் ரைட்டர். கொடுக்கல் வாங்கலில் அண்ணனோடு தகராறு செய்த ஒருவர் மேல் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. ஸ்டேஷனில் பலமுறை சொன்னோம், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அம்மா இன்னமும் அண்ணன் நம்பருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார். செய்யாவிட்டால் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். இனி நாங்கள் என்ன செய்வது? - ஒரு தங்கை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது 'யாரும் எழுதிக்கொள்ளவில்லை' என்ற வரிதான். இத்தனை வருடமாக ஸ்டேஷனில் நீங்கள் பேசியிருக்கிறீர்கள், அழுதிருக்கிறீர்கள், கெஞ்சியிருக்கிறீர்கள். அதில் ஒரு வரிகூடக் காகிதத்தில் இல்லை. இன்ஸ்பெக்டர் மாறினால் நீங்கள் பேசியதெல்லாம் அவரோடு போய்விடும், ஃபைலில் இருப்பது மட்டும்தான் அடுத்தவருக்கு வரும். அதனால் இனி எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.

முதலில் அந்த 'க்ளோஸ்' என்ன என்று பார்ப்போம். எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கை ஸ்டேஷனே நினைத்து மூடிவிட முடியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு இறுதி அறிக்கை போக வேண்டும். வழக்கைக் கைவிடுவதாக அறிக்கை போனால், அதை ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு அப்படி நோட்டீஸ் வந்ததா? குற்ற எண்ணைக் குறிப்பிட்டு அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள். அறிக்கை போயிருந்தால் அதன் நகல் கிடைக்கும், அதை எதிர்த்து மனு போடலாம். போகவே இல்லை என்றால் உங்கள் அண்ணன் வழக்கு இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சந்தேக நபர். எவ்வளவு பணம், எப்போது, யார் முன்னால் தகராறு, கடைசியாக இருவரும் எப்போது பேசினார்கள் என்பதையெல்லாம் ஒரு மனுவாக எழுதுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், ஊர் பேசுவதைச் சேர்க்காதீர்கள். ஆள் கடத்தல் சட்டப்பிரிவுக்கு வழக்கை மாற்றி விசாரிக்கக் கோருங்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு என்று 2007 டிசம்பரில் சாகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றம் போவது அதற்கடுத்த படி. பலரும் எடுத்த எடுப்பில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, என்பார்கள். யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட அடிப்படை இருந்தால்தான் அது நிற்கும். வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். கோழிக்கோடு ரீஜினல் என்ஜினியரிங் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில், போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். கதவு கதவாகத் தட்டினார், மேலிடங்களுக்கெல்லாம் மனு எழுதினார். நெருக்கடி நிலை முடிந்ததும் 1977-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பையனைப் பிடிக்கவே இல்லை என்று அரசு சாதித்தது. போலீஸ் காவலில் இருந்தார் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகினார். மகனின் உடல்கூட அந்த அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 'பிடிக்கவே இல்லை' என்ற பொய்யை அவர் நிற்கவிடவில்லை.

இனி சொல்லப்போவது கஷ்டமான விஷயம். அம்மா பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள். அடையாளம் தெரியாத உடல்களோடு அண்ணன் விவரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று மனுவில் கேளுங்கள். ரயில் பாதையில் கிடைக்கும் உடல்களுக்கு ரயில்வே போலீஸ் தனியாக வழக்குப் போடும். உங்கள் ஊர் ஸ்டேஷனும் அவர்களும் பேசிக்கொள்ளாமலே வருடங்கள் ஓடிவிடலாம். ஒருமுறை தெரிந்த குடும்பத்தோடு அப்படி ஒரு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஒரு தடி ஆல்பத்தைப் புரட்டச் சொன்னார்கள். முகம் எதுவும் பிடிபடவில்லை. ஒரு படத்தில் சட்டைக் காலரை மட்டும் கிட்டத்தில் எடுத்திருந்தார்கள், உள்ளே தையல்கடை லேபிள். அந்த வீட்டுப் பெரியவர் விரலை அதன்மேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அன்று அண்ணன் போட்டிருந்த சட்டையை எங்கே தைத்தது, பழைய எலும்பு முறிவு, பல் அடைத்தது, தழும்பு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அம்மாவின் டி.என்.ஏ. மாதிரியை எடுத்து வைக்கச் சொல்லியும் கேளுங்கள். அம்மாவுக்கு வயதாகிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதே அளவுக்கு இன்னொரு பக்கமும் தேட வேண்டும். மனநிலை பாதித்து ஊர் ஊராக அலைந்து, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ ஏதோ ஒரு காப்பகத்திலோ பெயர் சொல்லத் தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. வெளிமாநிலக் காப்பகங்களுக்கும் போட்டோ போக வேண்டும். ஆனால் "உங்க அண்ணனைப் பார்த்தேன், ஐயாயிரம் அனுப்புங்க" என்று வரும் போனுக்கும், வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். போன் வந்த நம்பரை அப்படியே ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள்.

'ஏழு வருஷம் ஆனா இறந்ததா எழுதிடுவாங்க' என்று உறவுக்காரர்கள் சொல்லக்கூடும். 7 ஆண்டு தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கருதலாம் என்ற சட்டம் சொத்து, வாரிசு விஷயங்களுக்குப் பயன்படுவது. யாரும் அதைக் காட்டி விசாரணை முடிந்தது என்று சொல்ல முடியாது.

கடைசியாக, போன். அழைப்பு விவரங்களை போன் கம்பெனிகள் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. அதனால் 2022-லேயே அதை வாங்கினார்களா, வாங்கியிருந்தால் கடைசி டவர் எது என்பதுதான் உங்கள் மனுவில் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பரண்மேல் அண்ணன் போனின் அட்டைப்பெட்டி இருக்கிறதா பாருங்கள். அதில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கும். வேறு சிம் போட்டு யாராவது அந்தப் போனைப் பயன்படுத்தினார்களா என்று போலீஸ் தேட அது வேண்டும்.

அம்மாவிடம் ரீசார்ஜை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த ரசீதுகளையும் ஃபைலில் சேர்த்து வையுங்கள்.