கிராம சபை: வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் கிராம சபை என்றால் கையெழுத்து வாங்குவதோடு சரி. ஊருணி ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசினால் ‘அஜெண்டாவிலேயே இல்லையே’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். தீர்மானம் போட வைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கூட்டத்தன்று மைக்கைப் பிடித்துச் சத்தம் போடுவதை மட்டும் நம்பாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 எனத் தேதிகள் முன்பே தெரிந்தவைதான். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே, இதைப் பொருளாகச் சேர்க்கக் கோரி ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுங்கள். நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போகட்டும்.

வாசகம்தான் உயிர். ‘ஊருணியைச் சீரமைக்க வேண்டும்’ என்று எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டை (ஊர் நிலங்களின் விவரம் உள்ள வருவாய்ப் பதிவேடு) பார்த்து, சர்வே எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இந்த எண்ணில் உள்ள ஊருணியை வட்டாட்சியர் அளந்து, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க இச்சபை கோருகிறது’ என்று எழுதித் தாருங்கள். யார், எதை, எந்தச் சட்டப்படி என்று இருந்தால் கோப்பைக் கிடப்பில் போடுவது கடினம்.

குறைவெண் வரம்பையும் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) கவனியுங்கள்: மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர் வேண்டும். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, வாசிக்கச் சொல்லி, அதன் கீழேயே கையெழுத்திடுங்கள். ‘அப்புறம் எழுதிக்கிறோம்ணே’ என்பார்கள், விடாதீர்கள்.

தீர்மானம் வந்ததும் ஜேசிபி வந்துவிடாது. அந்த 1905 சட்டப்படி அகற்றும் அதிகாரம் வருவாய்த் துறையிடம்தான். ஆனாலும் அதை வெறும் காகிதம் என்று நான் சொல்லமாட்டேன். மதுரை அரிட்டாபட்டி வட்டார கிராம சபைகள் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் போட்டது; மக்கள் வீதிக்கும் வந்தார்கள். 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு அந்தச் சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே சாதித்ததல்ல, போராட்டத்துக்கு அது ஆவணமாக நின்றது.

ஒரு மாதம் கழித்து, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி தீர்மான நகலும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலோடு வட்டாட்சியரைப் பாருங்கள்.