கேரியர் போகாத தூரம்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறாள். சென்ற மாதம் பக்கத்துக் கிராமத்தில் நடந்த ஏழு நாள் முகாமுக்கு அனுப்பினோம். அங்கே யார் சமைக்கிறார்களோ என்று அவள் அப்பா தினமும் மதியம் கேரியர் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாளே 'இனி வேண்டாம்' என்றாள், நாங்கள் கேட்கவில்லை. இப்போது அஸ்ஸாமில் நடக்கும் தேசிய ஒருமைப்பாட்டு முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறாள். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, இதே கேள்வியோடு வரும் கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். பயணம், தங்குமிடம், உடன் செல்லும் திட்ட அலுவலர் ஆகிய விவரங்களைக் கல்லூரிக்கு நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல்லில்தான் என் மனம் நின்றுவிட்டது. 'யார்' என்ற சொல் அது.

சமையல் சுத்தமாக இருக்குமா, தண்ணீர் நல்லதா, பிள்ளைக்கு வயிறு ஒத்துக்கொள்ளுமா என்று நீங்கள் கவலைப்பட்டிருந்தால் அது எந்தத் தாய்க்கும் வருகிற கவலை. நீங்கள் கவலைப்பட்டது சமைப்பவர் யார் என்பதைப் பற்றி. நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மூன்றாம் நாள் கேரியர் வேண்டாம் என்று சொன்ன உங்கள் மகளுக்கும் தெரிந்துவிட்டது.

அந்த மதிய வேளை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து குளத்துக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டிவிட்டு, கையெல்லாம் முள் கீறலோடு பிள்ளைகள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்காருகிறார்கள். அன்று சமையல் முறை யாருடையதோ அவர்கள், ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஆக்கிய சோற்றையும் சாம்பாரையும் வாளியில் தூக்கி வருகிறார்கள். அந்த வரிசையில் உங்கள் மகள் ஒருத்தி மட்டும் அடுக்குக் கேரியரைத் திறக்கிறாள். பரிமாற வந்தவள் கரண்டியோடு ஒரு கணம் நின்றுவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்கிறாள். ஏன் என்று அவள் கேட்கமாட்டாள். ஏழு நாளும் அவளோடு சேர்ந்து உழைத்த பெண்ணை நீங்கள் அந்த இடத்தில் உட்காரவைத்தீர்கள்.

காந்தியடிகளின் பிறந்த நூற்றாண்டு நிறைவு ஆண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி என்று வகுத்ததோடு நிற்காமல், ஏழு நாள் ஊரிலேயே தங்கவும் வேண்டும் என்று வைத்ததற்குக் காரணம், வேலை முடிந்ததும் வீடு திரும்புகிறவர்களுக்கு அந்த ஊர் ஒருநாளும் சொந்தமாகாது என்பதே என்று நான் நம்புகிறேன். 'எனக்காக அல்ல, உனக்காக' என்ற அதன் முழக்கத்தைச் சொல்லிவிட்டு வந்த பிள்ளையிடம் தினமும் கேரியரை நீட்டியிருக்கிறீர்கள்.

பல சாதிப் பிள்ளைகளும் தங்கிப் படித்த சேரன்மாதேவி குருகுலத்தில், அதை நடத்திய வ.வே.சு. ஐயர் போன்ற நாட்டுப்பற்றாளரே, இரண்டு பிராமணப் பிள்ளைகளின் பெற்றோர் வேண்டிக்கொண்டார்கள் என்பதற்காக அவர்களுக்குத் தனியே உணவளிக்க இசைந்தார். அந்தப் பிரச்சினை தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கி, 1925-இல் காந்தியடிகள் வரை போயிற்று. அங்கும் தனிச் சாப்பாட்டைக் கேட்டவர்கள் பெற்றோர்தான்.

பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவது தாயின் கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், யாரோடும் பந்தியில் உட்காரத் தெரிந்தவளாக அவளை வளர்ப்பதும் அதே கடமைதான். அந்தப் பாடத்தை உங்களுக்கு முன்பே அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். அதற்காக நீங்கள் பெருமைப்பட்டிருக்க வேண்டும். நீங்களோ மறுநாளும் கேரியரைக் கட்டினீர்கள். இது தவறு, சகோதரி. பெரிய தவறு.

அஸ்ஸாம் தூரம் என்கிறீர்கள். பல மாநிலப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் தங்கி, ஒருவர் பாட்டை ஒருவர் கற்று, ஒரே அடுப்பில் வெந்ததை உண்ணப்போகும் அந்த இடத்துக்கு உங்கள் கேரியர் போய்ச் சேராது. உங்களைப் பயமுறுத்தும் தூரம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒப்புதல் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடுங்கள். அவள் புறப்படுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்களும் உங்கள் கணவரும் அவளோடு அந்தக் கிராமத்துக்குப் போங்கள். முகாமில் சமைத்த பெண்கள் யார் என்று அவள் காட்டுவாள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுங்கள். அதற்கும் முன்னால், அந்த மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.