நடுவரிசைக் கழகங்களுக்கு இவ்வளவு காசு எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் பத்தாம், பன்னிரண்டாம் இடத்தில் நிற்கும் கழகங்கள்கூட ஒரு வீரருக்கு 50 மில்லியன் பவுண் கொடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டாஞ்சேனையில் நண்பர்களோடு ஆட்டம் பார்க்கும் இரவுகளில் எங்களுக்குள்ளும் இதே கேள்விதான் வரும்.

முதல் காரணம் தொலைக்காட்சிப் பணம். அங்கே கடைசி இடத்தில் முடிக்கும் கழகத்துக்கே ஒரு பருவத்துக்கு 100 மில்லியன் பவுணளவில் கிடைக்கிறது.

ஆனால் சூட்சுமம் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. 50 மில்லியனுக்கு வாங்கிய வீரரோடு ஐந்து வருட ஒப்பந்தம் என்றால், கணக்கில் வருடத்துக்கு 10 மில்லியன்தான் செலவாக விழும். விற்றால் வரும் இலாபமோ அந்த வருடமே முழுதாக ஏறும். பிரைட்டன் கழகம் சில மில்லியனுக்கு வாங்கிய கைசெடோ என்ற வீரரை 2023இல் செல்சி கழகத்துக்கு விற்றது 100 மில்லியனுக்கு மேல்! அப்படி ஒரு விற்பனை போதும், நாலைந்து பேரை வாங்கலாம்.

சரி, எல்லையே இல்லையா? இருக்கிறது. லீக் அனுமதிக்கும் நட்ட வரம்பைத் தாண்டியதற்காக 2023-24 பருவத்தில் எவர்டனும் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டும் புள்ளிகளை இழந்தன. கீழ்ப் பிரிவுக்குத் தரமிறங்கும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதுதான் எனக்குக் கவலை. வீரர் சோபிக்காவிட்டாலும் அந்த 10 மில்லியன் செலவு ஒப்பந்தம் முடியும்வரை ஒவ்வொரு வருடமும் கூடவே வரும்.